பதில் சொல்லும் வரைக்கும் மூச்சு

தொண்டைக்குள் ஆறு நாளாகக் கிடந்த குழாயை உருவி எடுத்ததும் தனபாலன் செய்த முதல் காரியம், கையைத் தூக்கி விரலைச் சொடுக்கியதுதான். தண்ணீர் கேட்கவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. சொடுக்கு! விரலில் தெம்பில்லாததால் சத்தம் வரவில்லை. ஆனாலும் கட்டிலோரம் நின்ற அவர் மனைவி முத்துலட்சுமிக்கு அது கேட்டது. முப்பத்தெட்டு வருஷமாக அதைக் கேட்டே பழகின காது.

"அம்மா, இன்னா கேக்குறாரு?" என்றாள் நர்ஸ் டயானா.

"முதுகுக்குத் தலைகாணி வைக்கச் சொல்லுதாவ."

டயானா தலையணையை வைத்தாள். தனபாலன் கண்ணை மூடிக்கொண்டார். நன்றி கின்றி எல்லாம் அவர் அகராதியில் கிடையாது.

இந்த விரல் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். தி. நகரில் அவருக்கு நாலு மாடி ஜவுளிக்கடை. தீபாவளிக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத இடம். அதனால் வாசலருகே உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கை ஜாடையிலேயே கடையை நடத்துவார். சுண்டுவிரலை ஆட்டினால், விலை குறைந்த சரக்கைக் காட்டு. கட்டைவிரலை மேலே தூக்கினால், பட்டு மாடிக்குக் கூட்டிப் போ. இரண்டு விரலைச் சேர்த்து வெளிப்பக்கமாகத் தட்டினால், இது வாங்குகிற முகமில்லை, அனுப்பிவிடு. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்ட ஆள் மறுநாள் கடையில் இருக்கமாட்டார். வியாபாரத்துக்கு அது சரி என்றே வைத்துக்கொள்வோம். மனுஷன் அதே விரலை வீட்டுக்கும் கொண்டுவந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சோறு போதும் என்றாலும் விரல், பேச்சை நிறுத்து என்றாலும் விரல். கல்யாணமான புதிதில் அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று முத்துலட்சுமி காத்திருந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். மயக்க மருந்தைக் குறைத்த நாளிலிருந்து அவர் கையை ஆட்டுவார், யாருக்கும் ஒரு எழவும் புரியாது. புரியவில்லை என்றால் கோபம் வரும், கோபம் வந்தால் நாடி எகிறும். அவர் மனைவிக்கு மட்டும் எல்லாம் விளங்குகிறது என்று டயானா கண்டுபிடித்துச் சொன்னாள். டாக்டர் ஷ்ரவண் முத்துலட்சுமியை ஐ.சி.யூ. உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார். அடையாறில் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் கிடைக்காத சலுகை அது.

குழாயை எடுத்த கையோடு, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்றை அவர் முகத்தில் வைத்து, தலையைச் சுற்றிப் பட்டையை இழுத்து ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் புஸ், புஸ் என்று காற்றைத் தள்ளியது. டாக்டர் முத்துலட்சுமியைத் திரைக்கு வெளியே கூப்பிட்டார்.

"அம்மா, சாரோட இதயம் கால்வாசிதான் வேலை செய்யுது. இத்தனை நாள் மெஷினே மூச்சு விட்டதால அதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைச்சுது. இப்ப குழாயை எடுத்தாச்சு. மொத்த பாரமும் மறுபடியும் இதயத்து மேல விழும். அது தாங்கலேன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். திணற ஆரம்பிச்சப்புறம் மாஸ்க்கைப் போட்டா லேட். அதான் நல்லா இருக்கும்போதே போட்டுட்டோம். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் இது இருக்கணும். நடுவுல தண்ணி குடுக்கறதுக்கு எடுத்தாலும் நாங்கதான் எடுப்போம். அவர் பேசவே கூடாது."

"அப்படியும் திணறினா?"

"மறுபடியும் குழாய்தான். ஆனா இந்த இதயத்தை வச்சுக்கிட்டு இன்னொரு தடவை போட்டா, எடுக்கறது ரொம்பக் கஷ்டம். வேண்டாம், விட்டுடுங்கன்னு சில குடும்பத்துல சொல்லிடுவாங்க. முடிவு உங்களுது. யோசிச்சு வைங்க."

"யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அவிய பொழைக்கணும்."

டாக்டர் அவளை மரியாதையாகப் பார்த்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனைவியா என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். முத்துலட்சுமிக்கு அவர் பிழைக்க வேண்டியது தாலிக்காக அல்ல. அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், இவள் கட்டை வேகாது.

கேள்வி அவர்கள் மகள் சந்திரிகாவைப் பற்றியது.

சந்திரிகா, பட்டினப்பாக்கத்து மீன்காரி தேசம்மாவின் மகன் பிரபாகரைக் கட்டிக்கொண்டாள். செய்தி வந்த அன்றைக்குத் தனபாலன் குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். தலைமுழுகியாகிவிட்டது, இனி அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். முத்துலட்சுமி எடுக்கவில்லை. சாமி அறையில் மட்டும் வாய்க்குள் எடுப்பாள்.

மூன்று வருஷம் கழித்துக் கொரோனாவின் இரண்டாவது அலை. ஊரே ஒரு ஆக்ஸிஜன் கட்டிலுக்குத் தவம் கிடந்த மே மாசம். ஒரு நாள் மதியம் தனபாலன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், மேஜை மேல் இருந்த அவர் போன் அடித்தது. அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். இடது கை இரண்டு விரலால் வெளிப்பக்கமாகத் தட்டினார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த முத்துலட்சுமி கரண்டியை வைத்துவிட்டு, போனை எடுத்துக் கட் பண்ணினாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை, பெயரைப் படிக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி விரல். மறுபடி கட் பண்ணினாள். மூன்றாவது தடவை போனையே அணைத்து வைத்தாள். யாரென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் விரலைப் பார்த்து யார்தான் கேள்வி கேட்டார்கள்?

போன் பண்ணியது பிரபாகர். மூன்று ஆஸ்பத்திரி வாசலில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கட்டில் விரிப்பும் போர்வையும் போடுவது தனபாலன் கடை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டில் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. நாலாவது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, மாமியார் தேசம்மாவின் மடியில் சந்திரிகாவின் மூச்சு நின்றது. முப்பத்தொரு வயது.

ஒரு மாசம் கழித்து, கபாலீசுவரர் கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு முத்துலட்சுமி பட்டினப்பாக்கம் போனாள். "மூணு தபா அடிச்சேன் அத்தை. மூணு தபாவும் கட் பண்ட்டாரு," என்றான் பிரபாகர். கட் பண்ணிய கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான்தான் என்று சொல்லாமலே எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். கல்யாணமாகி முதல் தடவையாக அவரிடம் நேராகக் கேட்டாள். "அது அவ வீட்டுப் போனுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஏதோ லோன் கம்பெனிக்காரன்னு நெனச்சேன்," என்றார். அந்த வாரமே போனையும் மாற்றிவிட்டார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் இரண்டு விரல்தான். ஐந்து வருஷமாக அவள் அந்த விரலை மென்றுகொண்டிருந்தாள். தெரியாமல் செய்தார் என்றால் அது விதி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழலாம். தெரிந்தே செய்தார் என்றால் அது கொலை. அந்தக் கொலைக்குத் தன் கையைக் கருவியாக்கியிருக்கிறார். எது என்று தெரியாமல் அழக்கூட முடியவில்லை அவளால்.

மத்தியானம் டயானா ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனதும், முத்துலட்சுமி குனிந்து அவர் காதருகே போனாள்.

"பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க. அன்னைக்கு அது பிரபாகர்னு தெரியுமா?"

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் அவளையே பார்த்தன. கேள்வி காதில் விழுந்தது, புரிந்தது, சந்தேகமே இல்லை. அப்புறம் ஊசி குத்திய கை மெல்ல எழுந்தது. இரண்டு விரலும் சேர்ந்து வெளிப்பக்கமாகத் தட்டின. அனுப்பிவிடு.

சாவு வாசல் வரை போய்த் திரும்பி வந்தவருக்கு, அந்தத் திமிர் ஒரு மாத்துகூடக் குறையவில்லை! செத்துத் தொலையும் என்று முத்துலட்சுமிக்கு வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். செத்தால் அவர் தப்பித்துவிடுவார். நாளைக்கு ஆகட்டும், மாஸ்க்கை எடுக்கட்டும், கேட்டே தீர்வது என்று மானிட்டரில் ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. மூக்குத் தண்டில் காற்று கசிந்து விசிலடித்தபோது, டயானா சொல்லிக்கொடுத்தபடி அவளே பட்டையை ஒரு இழுப்பு இழுத்து ஒட்டினாள்.

நாலு மணிக்கு மகன் பாலகணேஷ் வந்தான். முப்பத்துநாலு வயது, கடையில் எல்லாரும் சின்ன முதலாளி என்பார்கள். சின்ன முதலாளியோ இன்னும் அப்பா கையைப் பார்க்காமல் டீ குடிக்கமாட்டான். நல்ல பிள்ளைதான். அந்த நல்லதனம்தான் வினையாயிற்று.

தனபாலன் மகனைப் பார்த்தார். மாஸ்க்கைக் காட்டினார். இரண்டு விரலால் வெளிப்பக்கமாகத் தட்டினார்.

முத்துலட்சுமி கட்டிலின் அந்தப் பக்கம் அவர் காலுக்குப் போர்வை சரிசெய்துகொண்டிருந்தாள். பட்டை பர்ரென்று பிரிகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏலேய், தொடாத!"

அதற்குள் மாஸ்க் அவன் கையில் இருந்தது. தான் என்ன செய்தோம் என்றே அவனுக்கு விளங்கவில்லை. விரல் சொன்னது, கை செய்தது. அவ்வளவுதான்.

தனபாலன் ஆறு நாளுக்கப்புறம் வாயைத் திறந்தார். கரகரவென்று சத்தம் வந்தது. "இவள... வெளிய அனுப்பு," என்றார். "எப்பப் பாத்தாலும்... கேள்வி..." அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை. வாய் திறந்தபடி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி கொரகொரவென்று இரைந்தது. மானிட்டர் அலற ஆரம்பித்தது. தொண்ணூறு. எண்பத்தாறு. எண்பத்தொன்று. உதட்டோரம் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது.

டயானா ஓடிவந்தாள். "யாரு மாஸ்க்க எடுத்தது? இன்னா நைனா, அறிவு கீதா உனக்கு?" என்று பாலகணேஷைப் பிடித்துத் தள்ளினாள். கட்டிலின் தலைமாட்டை நேராக நிமிர்த்தி, காலைத் தொங்கவைத்து, மாஸ்க்கை மறுபடி முகத்தில் அழுத்தினாள். தனபாலன் முகத்தைத் திருப்பினார். மூழ்குகிற மனுஷனுக்கு முகத்தில் எது பட்டாலும் மூடுவது போலத்தான் இருக்கும். மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார், டயானாவின் கையை அடித்தார்.

டாக்டர் ஷ்ரவண் வந்து நின்றார். ஏதோ ஊசியை ஏற்றச் சொன்னார், மெஷினில் அழுத்தத்தைக் கூட்டினார், குழாய் போடுகிற தட்டைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். "மாஸ்க்கோட ஒத்துழைச்சார்னா தப்பிச்சுடுவார். இல்லேன்னா ட்யூப்தான். அம்மா, இப்பச் சொல்லணும் நீங்க. ட்யூப் வரைக்கும் போகலாமா?"

தனபாலனின் கை ஆகாயத்தில் ஆடியது. விரல் இரண்டும் வெளிப்பக்கமாக, வெளிப்பக்கமாக. அனுப்பிவிடு. அனுப்பிவிடு.

"என்னம்மா சொல்றார் அவர்?" என்றார் டாக்டர்.

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அந்த அறையில் அந்தக் கைக்கு அர்த்தம் சொல்ல அவள் ஒருத்திதான். அவள் பொய்கூடச் சொல்ல வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி சொன்னால் போதும். எடுத்துவிடச் சொல்கிறார், வேண்டாம் என்கிறார், குழாயும் வேண்டாம், விட்டுவிடுங்கள். முப்பத்தெட்டு வருஷமாக அவர் சொன்னபடி கேட்ட மாதிரி, இதையும் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அவள் மகள் திணறின அதே திணறல். அதே நீலம் பாய்ந்த உதடு. இது நியாயம் இல்லையென்று எந்தச் சாமி சொல்லும்? ஐயோ, எவ்வளவு சுலபம்! அவள் நெஞ்சு ஒரு நொடி இனித்தது, அதை மறைப்பானேன்.

ஆனால் அவர் செத்தால் பதிலும் சேர்ந்தல்லவா எரிந்துபோகும். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதா?

"பயமா இருக்காம்," என்றாள் முத்துலட்சுமி. "மாஸ்க்க இறுக்கிப் பிடிக்கச் சொல்லுதாவ. ட்யூபும் போடலாம், எது வேணும்னாலும் செய்யலாம். தள்ளுங்க, நான் பிடிக்கேன்."

டயானா கையை எடுக்க, முத்துலட்சுமி இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை அவர் முகத்தில் பொருத்தி அழுத்தினாள். ஆடின கையைத் தன் முழங்கையால் கட்டிலோடு சேர்த்து அமுக்கினாள். அவர் மிரண்டு அவளைப் பார்த்தார்.

"என்னயப் பாருங்க. மெஷினு தள்ளும்போது இழுக்கணும். இழுங்க... விடுங்க. சண்ட போடாதீங்க. இழுங்க... விடுங்க."

அவர் முதலில் இழுக்கவில்லை. அவள் விடவும் இல்லை. எத்தனை தடவை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. எண்பத்துமூன்று. எண்பத்தெட்டு. நெஞ்சு மெஷினோடு சேர்ந்து ஏற ஆரம்பித்தது. தொண்ணூற்றொன்று. டாக்டர் பெருமூச்சு விட்டுக் குழாய்த் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். "அப்படியே பிடிச்சுக்கங்கம்மா. பிரமாதம்," என்றார்.

முத்துலட்சுமி பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"இப்பக் கேக்குதேன். அன்னைக்குப் போன்ல பிரபாகரோட பேரு வந்துச்சா, இல்லையா?"

அவர் கண்ணை மூடினார்.

"கண்ணத் தொறங்க."

திறந்தார். அவள் கை அவர் முகத்தில் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. எடுத்துவிடுவாளோ என்ற பயம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பயத்தைப் போக்க அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிடக்கட்டும், மூச்சுக்குப் பயப்படுவது என்றால் என்னவென்று கொஞ்ச நேரம் தெரிந்துகொள்ளட்டும்.

தனபாலன் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற பாலகணேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மா... அக்கா வீட்டுல இருந்து போன் வந்துச்சா? அப்பாவுக்கா?"

"வந்துச்சு. உங்க அக்காவுக்குக் கட்டில் கேட்டு மூணு தடவ வந்துச்சு. அவிய கையக் காட்டினாவ, நான் கட் பண்ணினேன். யாருன்னு நான் கேக்கல. இன்னைக்கு ஏன்னு நீ கேக்கல. நம்ம வீட்டு லட்சணம் இது." அவள் மாஸ்க்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "நீ இப்பக் கெளம்பு. நேரா பட்டினப்பாக்கம் போ. பிரபாகரையும் தேசம்மாவையும் பாத்து, நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வரணும்னு அம்மா கும்பிட்டுக் கேட்டதாச் சொல்லு. வரமாட்டேன்னா வாசல்லயே உக்காந்துக்க."

கட்டிலில் தனபாலனின் கை எழுந்தது. வேண்டாம் என்றது, போகாதே என்றது, தட்டித் தட்டிச் சொன்னது. பாலகணேஷ் அந்தக் கையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மெஷின் புஸ், புஸ் என்று ஒரே சீராகத் தள்ளியது. தொண்ணூற்றைந்து. டயானா பட்டைகளை மாட்டிவிட்டு, அடுத்த கட்டிலைப் பார்க்கப் போனாள். தனபாலன் ஊசியும் ஒயரும் இழுக்க, இரண்டு கையையும் கஷ்டப்பட்டுச் சேர்த்து அவளைக் கும்பிட்டார். அது எந்தக் கடையிலும் அவர் காட்டாத ஜாடை.

முத்துலட்சுமி அந்தக் கைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டக் கேட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நானும் உங்ககூடச் சேந்து அவளக் கொன்னவதான். நாளைக்குப் பத்து மணிக்கு இத எடுப்பாங்க. உங்க மக மூச்சு நின்னது தேசம்மா மடியில. அந்த மனுஷி மொகத்தப் பாத்து, தெரிஞ்சுதான் அனுப்பினேன்னு சொல்லணும். கையால இல்ல, வாயால. நீங்க சொன்னதும் நான் செஞ்சத நான் சொல்லுவேன்."

அவர் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். கண்ணீர் மாஸ்க்கின் ஓரத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள், ஈரம் பட்டால் மாஸ்க் வழுக்கும் என்பதற்காக.

"அதுவரைக்கும் செத்துராதீங்க. நான் விடமாட்டேன்," என்றாள். நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். "ம், இழுங்க மூச்ச."

அவர் இழுத்தார்.